பாலாம்பாள் மலை ஏறிய கோடைகள்

செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் நான் நர்சாகச் சேர்ந்த புதிதில், பாலாம்பாள் எனக்கு ஒரு பின்னந்தலையாக மட்டுமே அறிமுகம். தாம்பரத்திலிருந்து காலையில் கிளம்பும் மின்சார வண்டியில், பெண்கள் பெட்டியில், வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். மற்ற பெண்கள் கீரை ஆய்வார்கள், ஒயர் கூடை பின்னுவார்கள், மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள். இவள் மட்டும் ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி வெளியே பார்ப்பாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் ஊரப்பாக்கத்து வயல்கள், வயல்களில் நட்டிருக்கும் மனைக்கற்கள், ஆடுகள். அவ்வளவுதான்.

எண்பத்து நாலாம் வருஷம் ஏப்ரலில் ஒரு நாள் அவளுக்கு எதிரே எனக்கு இடம் கிடைத்தது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் அவள் முதுகு நிமிர்ந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"இப்போ பாரு. அந்த ரெண்டாவது குன்று. நடுவுல," என்றாள். முன்பின் பேசியதே இல்லை. நானும் பார்த்தேன்.

மேற்கே வரிசையாக இருந்த மொட்டைக் குன்றுகளில் ஒன்றின் இடுப்பில் ஏதோ பளிச்சென்று மின்னியது. கண்ணாடியை வெயிலில் திருப்பியது போல ஒரு வெளிச்சம். வண்டி ஒரு வளைவில் திரும்பியதும் அணைந்துவிட்டது.

"என்னக்கா அது?"

"அதான் தெரியலை. மூணு வருஷமா பார்க்கறேன். ஏப்ரல்ல ஆரம்பிக்கும். ஜூன்ல போயிடும். இந்த வண்டி லேட்டா வந்தா தெரியாது."

பாலாக்காவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. செங்கல்பட்டில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் உதவியாளர் வேலை. வீடு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனியில். கணவர் ராஜகோபாலன் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனி ஸ்டோர்சில் இருந்தார். குழந்தைகள் இல்லை. அதைப் பற்றி அவர்கள் இருவரும் அழுது முடித்து, டாக்டர்களிடம் போய் முடித்து, அமைதியாகி வெகு காலம் ஆகியிருந்தது. இதையெல்லாம் அவள் அந்த முதல் வாரத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். எதையும் மறைத்து வைத்துப் பேசத் தெரியாது அவளுக்கு.

எங்களோடு மூன்றாவதாகச் சேர்ந்தவள் கிளியம்மாள். ஊரப்பாக்கத்தில் ஏறுவாள். பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். அந்த நிலங்கள் மனைகளாகிக்கொண்டிருந்த சமயம். மிச்சமிருந்த ஏரிக்கரை நிலத்துக்காகக் கொழுந்தனோடு செங்கல்பட்டுக் கோர்ட்டில் வழக்கு. வாய்தாவுக்கு வந்து வந்து இந்த வண்டி பழகிப்போய், வாய்தா இல்லாத நாளிலும் மகள் வீட்டுக்கென்று சொல்லிக் கிளம்பி வந்துவிடுவாள். நாற்பது வயதைத் தாண்டியவள், நல்ல உயரம், குரல் அதைவிட உயரம்.

"இன்னா பாலா, தெனம் அதையே பார்த்துகினு கீற," என்றாள் ஒரு நாள். "எவனோ சாமியாரு பித்தளைச் சொம்பைத் தேய்ச்சு வெயில்ல வெச்சிருப்பான். அவ்ளோதான்."

"மூணு வருஷமா ஒரே எடத்துலயா?"

"வேற எடம் இல்லாங்காட்டி?"

நான் தகரக் கூரை என்றேன். பாலாக்கா காக்காப்பொன் என்றாள். பாறையில் பளபளவென்று பாளம் பாளமாகக் கிடைக்குமாம், படித்திருக்கிறாளாம். மூன்று பேரும் பிடிவாதமாக இருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை பாலாக்கா, "வாதம் பண்ணிண்டே இருக்கறதுக்குப் போய்ப் பார்த்துட்டா என்ன?" என்று கேட்டாள். போய்ப் பார்க்கலாம் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். திரும்பும் வழியில் குன்றுக்கு நேரே இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி, கத்திரி வெயிலில் வயல் வரப்பில் நடந்தோம். தூரத்திலிருந்து உருண்டையாகத் தெரிந்த குன்று கிட்டே போனதும் பிளந்து, மடிந்து, நூறு பாறைகளாகிவிட்டது. எந்தப் பாறை என்று யாருக்குத் தெரியும்? காரை முள்ளில் என் துப்பட்டா கிழிந்தது. கிளியக்கா ஒரு பக்கம் போகலாம் என்றாள், அந்தப் பக்கம் ஒரு செங்குத்துச் சுவர் வந்து நின்றது. இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம்.

அடுத்த ஞாயிறு, முதல் வண்டியைப் பிடித்துக் காலையிலேயே போனோம். ஸ்டேஷனில் நிற்கும்போது குன்றில் அந்த மினுக்கல் தெளிவாகத் தெரிந்தது. அடிவாரத்துக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் வெயில் நகர்ந்து அது அணைந்துவிட்டது. பாலாக்கா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தாள்.

"அது மின்னற நேரத்துல நாம மேல இருக்கணும்," என்றாள். "அப்படின்னா முந்தின நாளே ஏறி, அங்கேயே படுத்துக்கணும். கீழே இருந்து ஒருத்தர் அதைப் பார்த்து நமக்கு வழி சொல்லணும்."

"இன்னாது, மலையில படுக்கறதா?" என்றாள் கிளியக்கா. பிறகு சற்று யோசித்துவிட்டு, "எங்க வூட்ல தார்ப்பாய் கீது. நெல்லு காயப்போடறது. இப்ப நெல்லே இல்ல, சும்மாதான் கெடக்குது," என்றாள்.

ராஜகோபாலன் சாரிடம் அவள் கேட்டபோது நானும் அந்த வீட்டில் இருந்தேன். அவர் ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ நோண்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்னா, நான் ஒரு ராத்திரி மலையில தங்கணும்."

"எந்த மலையில?"

"பேர் தெரியாது."

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அங்க என்ன இருக்கு?"

"அதுவும் தெரியாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரேடியோவைப் பார்த்தேன். ராஜகோபாலன் சாருக்குப் பாம்பென்றால் உயிரே போய்விடும். மாடிப்படி ஏறினாலே கைப்பிடியை விடமாட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அலமாரியைத் திறந்து ஒரு பைனாகுலரை எடுத்தார். பர்மா பஜாரில் வாங்கினது, கிரிக்கெட் பார்க்கவாம்.

"கீழே இருந்து வழி சொல்ற ஆள் வேணும்னியே," என்றார்.

அப்படித்தான் எங்கள் முதல் முகாம் நடந்தது. மே மாதச் சனிக்கிழமை சாயங்காலம் குன்றின் பாதியில், ஒரு சமதளப் பாறையில் தார்ப்பாயைக் கட்டினோம். கிளியக்கா கிணற்றுக் கயிறு ஒன்றைச் சுருளாகத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாலாக்கா கணவரின் பழைய பேண்ட் சட்டை போட்டிருந்தாள். அடிவாரம் வரை அதன் மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் புடவையை அவிழ்த்துப் பையில் வைத்தாள். புளியோதரை சாப்பிட்டோம். கீழே மின்சார வண்டி விளக்கு வரிசையாகப் போயிற்று. தினமும் நாங்கள் உட்கார்ந்து போகிற வண்டி அவ்வளவு சின்னதா என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். பாறை பகல் சூட்டை வெகு நேரம் வைத்திருந்தது. சுடுகல்லில் படுத்தது மாதிரி இருந்தது. அப்படியும் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் ஸ்டேஷன் நடைமேடையில் ஒரு வெள்ளைத் துணி விரிந்தது. ராஜகோபாலன் சாரின் வேட்டி. ஏற்பாடு இதுதான்: வேட்டியை வலப்பக்கம் ஆட்டினால் நாங்கள் வலப்பக்கம் போக வேண்டும். இடப்பக்கம் என்றால் இடப்பக்கம். தலைக்கு மேல் தூக்கினால் அதுதான் இடம். ஆனால் அவருடைய வலது எங்களுடைய இடது என்பதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் எதிர்த் திசையிலேயே போய்விட்டோம். வேட்டி கோபமாகத் துடித்தது. பிறகு பாலாக்காவுக்கு விஷயம் புரிந்து திரும்பினோம். ஒரு பெரிய உருண்டைப் பாறையைச் சுற்றி வந்ததும் கீழே வேட்டி தலைக்கு மேல் எழுந்தது.

எங்களுக்கு முன்னால் சரிவாக ஒரு பாறைச் சுவர் இருந்தது. அதில் கதவகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. பாலாக்கா போய்க் கையை வைத்தாள்.

"ஈரம்," என்றாள்.

தண்ணீர். சாமியாரும் இல்லை, தகரமும் இல்லை, காக்காப்பொன்னும் இல்லை. சுவரில் மேலே ஒரு விரிசலிலிருந்து கசிந்து, காகிதம் போல மெல்லியதாகப் பாறை மேல் பரவி இறங்கிக்கொண்டிருந்தது தண்ணீர். சூரியன் அதில்தான் பட்டுத் தெறித்தது. கிளியக்கா நாக்கை நீட்டி ருசி பார்த்தாள்.

"நல்ல தண்ணி," என்றாள். "எங்க ஏரியே வத்திப் போச்சு. இங்க எப்படி?"

நானாக இருந்தால் அத்தோடு இறங்கியிருப்பேன். என்ன என்று தெரிந்தாயிற்றே. பாலாக்கா அண்ணாந்து விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மே மாசத்துல எங்கிருந்து வரது இது?" என்றாள். செருப்பைக் கழற்றினாள். நாங்கள் என்ன ஏது என்று கேட்பதற்குள் பட்டைக்குப் பக்கத்தில், காய்ந்த பாறையில் ஏற ஆரம்பித்துவிட்டாள்.

ஏறினது லேசாகத்தான் இருந்தது. கையும் காலும் வைக்க வசதியாகப் பாறை படிப்படியாக இருந்தது. மூன்று ஆள் உயரம் போன பிறகு படிகள் தீர்ந்துவிட்டன. மேலே போகப் பிடி இல்லை. கீழே இறங்கலாமென்றால் காலை எங்கே வைத்து ஏறினோம் என்று தெரியவில்லை.

"ஜோதி," என்று என்னைக் கூப்பிட்டாள். குரல் மாறியிருந்தது. "என் கால் தானா ஆடறது."

பார்த்தேன். வலது முழங்கால் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

"கீழே பார்க்காதீங்கக்கா."

"பார்க்கலை. பாறையைத்தான் பார்க்கறேன்."

கிளியக்கா கிணற்றுக் கயிற்றை எடுத்துக்கொண்டு பக்கவாட்டில் இருந்த புதர் வழியாக ஏறினாள். நானும் அவள் பின்னால் ஓடினேன். சுவரின் உச்சிக்குச் சுற்றிப் போக முடிந்தது. அங்கே பாறைப் பிளவில் ஒரு கல்லத்தி மரம் வேர்விட்டிருந்தது. கயிற்றை அதன் அடியில் கட்டி, மறு முனையில் பெரிய கண்ணியாக முடிச்சுப் போட்டுக் கீழே விட்டோம்.

இதற்கிடையில் கீழே நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டோம். பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்த ராஜகோபாலன் சாருக்கு, மனைவி பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பது தெரிந்திருக்கிறது. கையில் வேட்டி இருப்பதையே மறந்துவிட்டார். உட்காருவதற்காக வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சிவப்புப் போர்வையை உருவி, நடைமேடையின் ஓரத்தில் ஓடி ஓடி அதை ஆட்டியிருக்கிறார். யாருக்கு ஆட்டினோம், எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியாது. தெற்கிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி அப்படியே நின்றுவிட்டது.

எஞ்சின் டிரைவர் இறங்கி வந்தார். கார்டு பின்னாலிருந்து ஓடி வந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வந்தார்.

"என்னய்யா ஆச்சு? தண்டவாளம் உடைஞ்சிருக்கா?"

"இல்லை சார். என் ஒய்ஃப் அங்க இருக்கா," என்று இவர் மலையைக் காட்டியிருக்கிறார்.

பைனாகுலர் டிரைவர் கைக்குப் போய், கார்டு கைக்குப் போய், ஸ்டேஷன் மாஸ்டர் இடது கைக்கு வந்தது. வண்டியிலிருந்த ஜனமெல்லாம் ஒரே பக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது.

மேலே எங்களுக்கு இதொன்றும் தெரியாது. கண்ணி பாலாக்காவின் தோளுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க ஒரு கையை விட வேண்டும். அவள் விடவில்லை.

"பாலா, கையை எடு. எடுத்து மாட்டு," என்றாள் கிளியக்கா.

"முடியலை."

"மரத்துல கட்டிக்கீறேன். நானும் புடிச்சிகினு கீறேன். என் எடை உனக்குத் தெரியுமில்ல?"

கீழேயிருந்து, "இங்க ஒரு தவளை இருக்கு," என்று குரல் வந்தது.

நானும் கிளியக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"விரிசலுக்குள்ள. என் மூக்குக்கு நேரா. கட்டைவிரல் அளவுகூட இல்லை. தொண்டை மட்டும் துடிக்கறது." அவள் குரல் மெல்ல மெல்லப் பழைய குரலாகிக்கொண்டு வந்தது. "இவ்வளவு உயரத்துக்கு இது எப்படி வந்திருக்கும்?"

"அத்த அப்பறம் கேக்கலாம். கையை எடு."

எடுத்தாள். கண்ணியைத் தலை வழியாக மாட்டி அக்குளுக்குக் கீழே இறக்கினாள். நாங்கள் இழுக்க, அவள் காலை உதைத்து உதைத்து ஏற, முட்டியெல்லாம் தோல் உரிந்து மேலே வந்து விழுந்தாள். அந்த நேரத்தில் கீழே சமவெளியிலிருந்து ரயில் ஊதல் நீளமாகக் கேட்டது. கூடவே விசில், கைத்தட்டல், கூச்சல். என்னவென்று புரியாமல் நாங்கள் பயந்துபோய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

ராஜகோபாலன் சாரை ஸ்டேஷன் மாஸ்டர் நன்றாகத் திட்டிவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். திங்கட்கிழமை வண்டியில் எங்களைப் பார்க்க அடுத்த பெட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். காலனிச் செயலாளர் வேதாசலம் ராஜகோபாலன் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "லேடீஸ் இப்படியெல்லாம் போறது நமக்கு நல்லாவா இருக்கு சார்?" என்று கேட்டாராம். "போறது பரவாயில்லை, கயிறு இல்லாம போனதுதான் தப்பு" என்று இவர் பதில் சொன்னாராம்.

அதைச் சொன்னதோடு நிற்கவில்லை. சென்னையில் மலையேறுகிறவர்கள் சங்கம் ஒன்று இருப்பதை விசாரித்து, பாலாக்காவை அங்கே கொண்டு போய்ச் சேர்த்ததும் அவர்தான். அங்கே அரிகிருஷ்ணன் என்று ஒரு பாங்க் ஊழியர் ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தார். பாலாக்காவைவிட அவர் சின்னவர். அவள் ஒவ்வொரு முடிச்சுக்கும் ஏன், ஏன் என்று கேட்டு அவரைக் களைத்துப்போக வைத்தாள். நானும் போனேன். கிளியக்கா ஒரே நாள் வந்து, "கெணத்துக் கயிறுதான் எனக்கு ராசி," என்று சொல்லிவிட்டாள். ஆனாலும் பயணம் என்றால் முதலில் மூட்டை கட்டுகிறவள் அவள்தான்.

அந்தக் குன்றின் தண்ணீரைப் பற்றி பாலாக்கா விடவில்லை. காட்டாங்குளத்தூர்க் கல்லூரியில் ஒரு பேராசிரியரைப் பிடித்துக் கேட்டாள். ஐப்பசி கார்த்திகை மழை பாறை இடுக்குகளில் இறங்கித் தங்கி, மெல்ல மெல்லக் கசிந்து ஜூனில் வற்றிவிடும், ஏப்ரலில்தான் காலை வெயில் அந்தச் சுவரில் நேராக விழ ஆரம்பிக்கும் என்று அவர் சொன்னார். திருப்தியோடுதான் திரும்பி வந்தாள். மறுநாள் வண்டியில், "அப்போ மத்தக் குன்றெல்லாம் ஏன் கசியலை?" என்று என்னிடம் கேட்டாள்.

பிறகு ஒவ்வொரு கோடையிலும் சனி ஞாயிறு எங்களுக்கு மலைதான். நாகலாபுரம், ஜவ்வாது, கல்வராயன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூடாரமும் கயிறுமாக நிற்போம். கண்டக்டர்கள் சாமான் விற்கிறவர்கள் என்று நினைப்பார்கள். ராஜகோபாலன் சாரும் வருவார். அடிவாரம் வரைதான், ரொம்பக் கெஞ்சினால் முகாம் வரை. ஸ்டவ்வைப் பற்றவைத்து உப்புமா கிளறி, கூடாரத்தைச் சுற்றிப் பூண்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். பூண்டு வாசனைக்குப் பாம்பு வராதாம். நாங்கள் இறங்கி வந்ததும் கேள்விகளால் துளைத்துவிடுவார். மேலே காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, அங்கிருந்து எத்தனை ஊர் தெரிந்தது, மரம் என்ன மரம். பாலாக்கா கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்வரை சொல்லுவாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் மே மாதம், ஜவ்வாது மலையில் ஓர் ஓடைக்கரையில் கூடாரம் போட்டிருந்தோம். காலையில் நாங்கள் மூன்று பேரும் ஒரு பாறை முகட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது முதலில் கருகல் வாசனை வந்தது. ஸ்டவ்வில் உப்புமா தீய்ந்துகொண்டிருந்தது. ராஜகோபாலன் சார் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாயுன்னு நினைக்கறேன்," என்றார்.

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். வாயு இல்லை. என் பையிலிருந்த ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னேன். "நடக்க விடக் கூடாது. ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகணும்," என்றேன். பாலாக்கா முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் கைகள் அதற்குள் கூடாரத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தன.

கிளியக்கா ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஊருக்கு ஓடினாள். அவள் போட்ட சத்தத்துக்குப் பொன்னுசாமி என்பவரும் அவர் தம்பியும் இரண்டு மூங்கில் கழிகளோடு வந்தார்கள். கூடாரத் துணியைக் கழிகளில் சுற்றித் தூளி மாதிரி கட்டி, அவரைப் படுக்க வைத்தோம்.

ரோட்டுக்குப் போகிற பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும். நேரே இறங்கினால் பாதி தூரம் மிச்சம். ஆனால் நடுவில் இரண்டு மாடி உயரத்துக்குப் பாறைச் சரிவு.

"சும்மா ஆளுங்க இறங்குவோம். இப்படி ஒருத்தரைத் தூக்கிக்கிட்டு முடியாதும்மா," என்றார் பொன்னுசாமி.

பாலாக்கா சரிவை எட்டிப் பார்த்தாள். ஒரு மரத்தை உலுக்கிப் பார்த்தாள். கயிற்றை அதில் சுற்றினாள். "நான் இறக்கறேன்," என்றாள். "நீங்க ரெண்டு பேரும் கூடவே ரெண்டு பக்கமும் இறங்கி, கழி பாறையில இடிக்காம பார்த்துக்கணும். ஜோதி, நீ தலைமாட்டுல இரு."

தூளி விளிம்பைத் தாண்டியது. கயிறு அவள் இடுப்பைச் சுற்றி, கையுறைக்குள் விரல் விரலாக நழுவியது. கிளியக்கா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கயிற்றின் வாலைப் பிடித்திருந்தாள். நான் பாறையைத் தடவிக்கொண்டே கூட இறங்கினேன். பாதி வழியில் ராஜகோபாலன் சார் கண்ணைத் திறந்தார்.

"யாரு கயிறு பிடிச்சிருக்கா?"

"பாலாக்கா சார்."

"அப்போ சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ரோட்டில் ஒரு மரம் ஏற்றுகிற லாரி கிடைத்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். நான் அதை பாலாக்காவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையுறை தேய்ந்து, தோல் கொப்பளித்திருந்தது.

அவர் பிழைத்தார். உப்பைக் குறைத்தார்கள், வேலையிலிருந்து முன்னதாகவே ஓய்வு வாங்கினார். மலை, ஏற்றம் எதுவும் கூடாதென்று உத்தரவு. பாலாக்கா கயிற்றைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாள். இரண்டு கோடை போயிற்று. வண்டியில் இப்போதும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள், ஆனால் ஏதாவது பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சார் விஷயத்தை எடுத்தார்.

"ஜோதி, இவளைக் கொஞ்சம் வெளில கூட்டிண்டு போ. வீட்டுல உக்காந்துண்டு என் மாத்திரையையே எண்ணிண்டிருக்கா."

"உங்களைக் கீழே தனியா விட்டுட்டு நான் மேலே போனேன். அதனாலதானே," என்றாள் அவள், சமையலறையிலிருந்தபடியே.

"ரேஷன் கடை க்யூவுல வந்திருந்தா? அங்கே யாரு கயிறு கட்டி இறக்கியிருப்பா?"

குக்கர் மட்டும் சத்தம் போட்டது.

முடிச்சை அவிழ்த்தது கிளியக்காதான். அந்த வருஷம் கோர்ட்டில் கொழுந்தனோடு சமாதானமாகி, நிலத்தைப் பாதிப் பாதி பிரித்துக்கொண்டார்கள். கிளியக்கா தன் பங்கை விற்றதும் முதலில் செய்த காரியம், பழைய மெட்டடார் வேன் ஒன்றை வாங்கியது. ஐம்பது வயதுக்கு மேல் அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாள் காலனி வாசலில் வேனை நிறுத்தி ஹாரனை அடித்தாள்.

"பாலா, ஏலகிரிக்கு ரோடு மேல வரைக்கும் போவுதாம். உன் வூட்டுக்காரரு ஒரு அடிகூட ஏற வாணாம். வண்டியில குந்திகினு வந்தா போதும்."

"டாக்டர் என்ன சொல்வாரோ."

"கேட்டாச்சு," என்றேன் நான். உண்மையிலேயே கேட்டிருந்தேன்.

தொண்ணூற்று நாலு மே மாதம் ஏலகிரி போனோம். கிளியக்கா ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு வசவு உதிர்த்தபடி ஏற்றினாள். மேலே மலை விளிம்பில் வண்டியை நிறுத்தினதும் ராஜகோபாலன் சார் இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, வேலிக் கம்பியை இறுகப் பற்றியபடி கீழே பார்த்தார். எத்தனையோ மலைகளுக்கு வந்திருக்கிறார். உச்சியிலிருந்து கீழே பார்த்தது அதுதான் முதல் தடவை. ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாலா, இங்கிருந்து வர சத்தத்தை நீ சொன்னதே இல்லையே," என்றார் கடைசியில்.

"என்ன சத்தம்?"

"நாய் குரைக்கறது. கீழே எங்கேயோ. இவ்வளவு தூரம் மேலே கேக்கறதே."

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "ஆமாம்," என்றாள், அதிசயத்தோடு. "நான் பார்த்துண்டே இருந்திருக்கேன். கேக்கவே இல்லை."

மறுநாள் காலை அவளும் நானும் அங்கிருந்த ஒரு பாறை முகப்பில் கயிறு போட்டு ஏறினோம். மூன்று வருஷம் ஏறாத உடம்பு. பாதியில் நின்று நின்று மூச்சு வாங்கினாள். நடுவில் என்னைக் கூப்பிட்டாள். என்னவோ என்று பதறினால், "முழங்கால் ஆடலை, பார்த்தியா," என்றாள். கீழே வேன் நிழலில் சாரும் கிளியக்காவும் டீ போட்டு வைத்திருந்தார்கள்; உப்பா சர்க்கரையா என்று ருசி தெரியாத டீ.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் மறுபடி கிளம்பினோம். வேன் போகிற மலைக்குச் சாரும் வருவார். போகாத மலைக்குக் கிளியக்காவின் மகள் வந்து தாம்பரத்தில் அவருக்குத் துணையிருப்பாள். பாலாக்காவுக்கு ஐம்பதாகும்போது ஆபீசில் பிரிவுபசாரம் மாதிரி ஒரு பாராட்டு வைத்து, "இனிமேலாவது ஓய்வெடுங்க மேடம்" என்று பேசினார்களாம். அவள் கோபமாக வந்து வண்டியில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம்தான், காட்டாங்குளத்தூரில் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு இளம்பெண்கள் எங்கள் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து தயங்கி நின்றார்கள். தையல்நாயகி, அபிதகுஜாம்பாள் என்று பெயர் சொன்னார்கள்.

"மேடம், நீங்க மலைக்கெல்லாம் போவீங்களாமே. நாங்களும் வரலாமா?"

பாலாக்கா அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "நீச்சல் தெரியுமா?"

"மலைக்கு எதுக்கு மேடம் நீச்சல்?"

"நாகலாபுரம் மேல ஒரு மடு இருக்கு. இந்தச் சனிக்கிழமை போறோம்," என்று நகர்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள். "எவ்வளவு ஆழம்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒண்ணொண்ணு சொல்றா."